கிணற்றடி வரை வந்த சட்டம்

உத்தியோக காலம் முழுவதும் நான் "நான்" என்று சொன்னதெல்லாம் வேறு ஆட்களைப் பற்றியது. "நான்தான் கத்தியால் குத்தினேன்" என்று சொல்லியிருக்கிறேன். "அந்தப் பெண்ணை எனக்குத் தெரியவே தெரியாது" என்று, அவளுக்கு இரண்டு பிள்ளை கொடுத்த ஒருவனுக்காகக் கூசாமல் சொல்லியிருக்கிறேன். ஒரு முறை "நான் ஆறு மாதக் கர்ப்பிணி" என்றும் சொன்னேன். இவ்வளவு மீசையை வைத்துக்கொண்டு சொன்னேன், ஒருவரும் சிரிக்கவில்லை. கோட்டு மொழிபெயர்ப்பாளனின், அதாவது நீதிமன்றத்தில் மற்றவர் பேச்சை ஆங்கிலமாக்குகிற முதலியாரின், பிழைப்பு அப்படி.

இப்போது வழக்குகளைத் தமிழிலேயே நடத்தலாம் என்று ஆகிவிட்டது. நல்ல விஷயம். போன கிழமை இரண்டு இளம் வழக்கறிஞர்கள் வீட்டுக்கு வந்தார்கள். அவர்களில் ஒருவன் தேத்தண்ணியை உறிஞ்சிக்கொண்டே, "முதலியார் ஐயா, அந்தக் காலத்திலை எங்கடை சனத்தின்ரை வாயிலை வாறதை இங்கிலீசாக்கி, துரைமாரின்ரை இங்கிலீசைத் தமிழாக்கி... உதுக்கை நீதி எங்கை மிஞ்சினது?" என்று கேட்டான். நக்கல்தான். ஆனால் கேள்வியில் நியாயம் இருந்தது. பெரும்பாலான நாட்களில் ஒன்றும் மிஞ்சவில்லை, தம்பி. ஒரு நாள் மிஞ்சியது. அதைத்தான் எழுதுகிறேன்.

நான் அளவெட்டியில் பிறந்தவன். படிப்பு, பரீட்சை, பெரியவர்களைக் கண்டு கைகட்டி நின்றது எல்லாம் எல்லோருக்கும் நடந்ததுதான், விட்டுவிடுவோம். பட்டினத்துக் கோட்டில் எனக்கு வேலை கிடைத்த அடுத்த வருஷம் புது நீதவான் ஒருவர் வந்தார். பறங்கியர். அவருடைய முன்னோர் ஒல்லாந்தர் காலத்தில் கப்பலில் வந்து இந்தத் தீவிலேயே தங்கிவிட்டவர்கள். மெலிந்த உடம்பு, பெரிய காது. ஆசனத்தில் ஏறியவுடன் மேசைக்குக் கீழே சப்பாத்தைக் கழற்றிவிடுவார். மேலே நீதி, கீழே வெறும் காலுறை. எனக்கு மட்டும்தான் அது தெரியும், ஏனென்றால் நான் நிற்கிற இடம் அப்படி.

முதல் நாளே எனக்குச் சூடு வைத்தார். சாட்சி ஏதோ சொல்ல, நான் பழக்கப்படி, "தான் அன்றைக்குச் சந்தையில் நின்றதாக இவர் சொல்கிறார்" என்று மொழிபெயர்த்தேன். பேனையைக் கீழே வைத்துவிட்டார். அவர் ஆங்கிலத்தில்தான் பேசுவார். ஆனால் அவர் சொன்னதெல்லாம் எனக்குள் தமிழாகவே கிடக்கிறது, அப்படியே தருகிறேன்.

"யார் இந்த 'இவர்'? நான் அவரைத்தான் கேட்டேன், அவரைப் பற்றி உம்மைக் கேட்கவில்லை. அவர் 'நான்' என்றால் நீரும் 'நான்' என்று சொல்லும். இந்த அறைக்குள் நீர் இல்லை, முதலியார்."

அன்றிலிருந்து நான் இல்லாமல் போனேன். இன்னொரு பழக்கமும் அவருக்கு இருந்தது. ஒவ்வொரு பதிலுக்குப் பிறகும் பேனையை நிமிர்த்திப் பிடித்தபடி, "அவ்வளவும்தான் சொன்னாரா?" என்று கேட்பார். ஒரு பெருமூச்சை விட்டுவிட்டுச் சொன்னாலும் கண்டுபிடித்துவிடுவார், அந்தக் காதுகள் சும்மா வளரவில்லை. "ஐயோ" என்று ஆள் சொல்லியிருந்தால் நானும் "ஐயோ" என்று சொல்ல வேண்டும். நாதஸ்வரம் கேட்டு வளர்ந்த ஊர்க்காரன் நான், சுருதி பிசகினால் எனக்கும் பொறுக்காது. அதனால் எங்கள் இருவருக்கும் ஒத்துப்போனது.

மத்தியானங்களில் கோட்டு வேலை முடிந்ததும் என்னைத் தன் அறைக்குள் கூப்பிடுவார். அங்கே ஒரு அலுமாரி நிறையத் தோல் அட்டைப் புத்தகங்கள் இருந்தன. இந்த நாட்டின் சட்டத்தில் அரைவாசி ஒல்லாந்தர் விட்டுப்போனது என்பது வழக்கறிஞர் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதற்கு அடியில் என்ன கிடக்கிறது என்று அவர் ஒருவர்தான் எனக்குக் காட்டினார். முந்நூறு வருஷத்துக்கு முன்னால், ஐரோப்பாவில் மதச் சண்டையும் நாட்டுச் சண்டையும் கொழுந்துவிட்டு எரிந்த நாட்களில், சில நியாய சாஸ்திரிகள் ஒரு கேள்வியைக் கேட்டார்களாம். வேறு வேறு வேதம், வேறு வேறு அரசன் என்று இருக்கிற மனிதர் நடுவே, எல்லோரையும் கட்டுகிற சட்டம் ஏதும் உண்டா? உண்டு என்றார்களாம். அதை எந்த அரசனும் போடவில்லை, எந்தச் சபையும் கூடி எழுதவில்லை. மனிதன் மனிதனாக இருப்பதாலேயே அது இருக்கிறது. அரசனுக்கும் அரசனுக்கும் இடையிலும் அதுதான் சட்டம். கடல் ஒருவனுக்கும் சொந்தமில்லை என்பதும் அதிலிருந்து வந்ததுதான்.

"கடவுளே பார்க்காமல் விட்டாலும் அந்தச் சட்டம் நிற்கும் என்று துணிந்து எழுதினார் ஒருவர்," என்றார்.

"சிவ சிவா!" என்றேன். என்னையறியாமல் கை நெற்றித் திருநீற்றைத் தொட்டது. பயந்தேனா, சிலிர்த்தேனா, இன்றைக்கும் தெரியாது. அப்படி ஒரு வசனத்தை ஒரு பக்தன் எழுதியிருக்கிறான் என்பதை என் நெஞ்சு தாங்கவில்லை.

ஆனால் வாய் சும்மா இருக்குமா? "ஐயா, கடல் எல்லோருக்கும் பொது என்று எழுதிய அதே ஆட்கள் இங்கே வந்து இறங்கி, சங்கும் யானையும் தங்களுக்கே என்று பூட்டி வைத்தார்களே?" என்று கேட்டேன்.

குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "எழுதியவர்கள் வீட்டில் இருந்தார்கள், முதலியார். கப்பலில் வந்தது என்னுடைய ஆட்கள்."

இன்னொரு நாள் அவர் காட்டிய உதாரணம் மனதில் ஒட்டிக்கொண்டது. காற்று ஒரு தோணியை அடித்துக்கொண்டுபோய் இன்னொருவன் விரித்த வலையில் மாட்டிவிட்டால், தோணிக்காரன் உயிர் தப்ப வலையை வெட்டலாம், அது குற்றமில்லை. எங்கள் கோட்டுப் பியோன் சவிரிமுத்து குருநகர்க் கடற்கரைக்காரன். அவனிடம் இதைப் பெரிய கண்டுபிடிப்புப்போலச் சொன்னேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "பின்னை? வெட்டாமல் சாகிறதே? வெட்டிப்போட்டுக் கரைக்கு வந்து, வலைக்காரனோடை கூட இருந்து கிழிஞ்சதைப் பொத்திக் குடுக்கிறது. உதுக்கும் புத்தகம் போட்டிருக்கினமோ?" என்றான். இரண்டு பேரும் சிரித்தோம். கடலில் நடக்கிற விஷயம், கடலோடு போகட்டும் என்று நானும் இருந்துவிட்டேன்.

இப்படி இருக்கும்போதுதான் பொன்னனின் வழக்கு வந்தது.

புத்தூர்ப் பக்கத்துத் தோட்டக்காரர் வேலுப்பிள்ளையர். செம்மண் தோட்டம், புகையிலை, வற்றாத ஊற்றுள்ள கிணறு. அந்தத் தோட்டத்திலேயே கூலி வேலை செய்தவன் பொன்னன். ஆனால் கிணற்றுக்கட்டில் ஏறக்கூடாதவர்கள் என்று ஊர் வைத்திருந்த சாதியில் பிறந்தவன். அந்தச் சனங்கள் குடியிருந்த ஒழுங்கையில், அந்தச் சின்னச் சந்தில், கிணறு கிடையாது. குடத்தைக் கொண்டுவந்து கிணற்றிலிருந்து தள்ளி நிற்பார்கள். வேலுப்பிள்ளையர் வீட்டார் யாராவது மனம்வைத்து வந்து, அள்ளி ஊற்றினால்தான் தண்ணீர். இதை நான் புதினமாகச் சொல்லவில்லை. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். நான் அதைப் பார்த்தே வளர்ந்தபடியால் பார்க்காமலே வளர்ந்தேன்.

சோழகக் காற்று வீசுகிற மாதத்தில், ஊர்க் கோயிலில் தேர். சனமெல்லாம் வடம் பிடிக்கவும் தூர நின்று கும்பிடவும் போய்விட்டது. பொன்னன் மட்டும் தோட்டத்தில் நின்றான். ஒழுங்கையின் ஓலைக் கொட்டில்களில் ஒன்றில் தீ பற்றியது. அது அவனுடைய கொட்டில். பாரிசவாதத்தில் எழும்ப முடியாத அவனுடைய தாய் உள்ளே கிடந்தாள். அவன் கிணற்றுக்கு ஓடினான், கிணற்றுக்கட்டில் ஏறினான், ஏற்றத் துலாவை இழுத்து அள்ளினான், தன் மேலே ஊற்றிக்கொண்டு நெருப்புக்குள் போய்த் தாயைத் தூக்கி வந்தான். கூரை அவள் மேல் விழுந்து முடிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் செத்துப்போனாள்.

வேலுப்பிள்ளையர் வழக்குப் போட்டார். அத்துமீறி உள்ளே நுழைந்தான், கிணற்றைப் பழுதாக்கினான் என்று. கிணற்றை அடிவரை இறைத்து, சேறு வாரி, குருக்களைக் கொண்டு சுத்தி செய்வித்தாராம். அன்று தொடக்கம் அந்த ஒழுங்கைக்கே தண்ணீர் ஊற்றுவதையும் நிறுத்திவிட்டார். "அவன் மறியலுக்குப் போய்க் கம்பி எண்ணட்டும், பிறகு ஊத்துறதைப் பற்றி யோசிப்பம்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். ஒழுங்கை முழுவதும் குடத்தோடு இந்தத் தீர்ப்பைப் பார்த்துக்கொண்டு இருந்தது.

சவிரிமுத்து மூன்று தரம் பேர் கூப்பிட, பொன்னன் குற்றவாளிக் கூட்டில் ஏறினான். கையில் தீப்புண் இன்னும் ஆறவில்லை. குற்றப்பத்திரத்தைத் தமிழில் வாசித்தேன். "குற்றவாளியா, சுற்றவாளியா?" என்று கேட்டேன். சுற்றவாளி என்றால் குற்றமற்றவன்.

"ஓம். பிழை என்னிலைதான்."

வேலுப்பிள்ளையரின் வழக்கறிஞரான பிறக்கிராசியார் பாதி எழும்பிவிட்டார். குற்றத்தை ஒப்புக்கொண்டால் அவருக்கு அன்றைக்கு வேலையே இல்லை. நான், "ஆம், பிழை என்னுடையதுதான்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

பேனை நிமிர்ந்தது. "அவ்வளவும்தான் சொன்னாரா?"

பொன்னனின் உதடு இன்னும் அசைந்துகொண்டிருந்தது. "வேறை என்ன சொன்னனீ? உரத்துச் சொல்லு," என்றேன்.

"நிண்டிட்டன்," என்றான். "கட்டுக்குக் கீழை நிண்டு கூப்பிட்டனான். ஆராவது வந்து ஊத்துவினம் எண்டு நிண்டிட்டன். ஆத்தை கத்தினது கேட்டது. கேட்டுக்கொண்டும் நிண்டனான். பிறகுதான் ஏறினனான். முதலே ஏறியிருக்கோணும். பிழை என்னிலைதான்."

நான் மொழிபெயர்க்க வேண்டும். "நான் நின்றுவிட்டேன்" என்று தொடங்கினேன். கொலைகாரனுக்காக "நான்" சொன்னபோது ஆடாத குரல் ஆடியது. "என் தாய் கத்தியது எனக்குக் கேட்டது" என்று என் வாயால் சொன்னேன். கொட்டில் பற்றி எரியும்போதும், யாராவது மனம்வைத்து ஊற்றும்வரை வெறும் குடத்தோடு நிற்க ஒரு மனிதனைப் பழக்கியிருக்கிறோமே! அவன் ஏறியதற்கு வழக்குப் போட்டிருக்கிறோம். அவனோ நின்றதற்குக் குற்றவாளி என்கிறான்.

நீதவான் துரை பத்திரத்தை இன்னொரு முறை வாசித்தார். பிறகு, "இவர் ஒப்புக்கொள்கிற குற்றம் இந்தப் பத்திரத்தில் இல்லை. சுற்றவாளி என்று பதிகிறேன். கிணற்றை நான் பார்க்க வேண்டும்," என்றார்.

மோட்டார்க் காரில் போனோம். தீயாய் வெயில். ஊர் அதிகாரியான விதானையாரும் வேலுப்பிள்ளையரும் பிறக்கிராசியாரும் வேட்டி சால்வையோடு வரிசையாக நின்றார்கள். துரை பொன்னனைப் பார்த்து, "அன்றைக்கு நின்ற இடத்தில் போய் நில்லும்," என்றார். பொன்னன் போய் நின்றான். கிணற்றுக்கட்டிலிருந்து அவ்வளவு தூரத்தில், பூவரசுக்குக் கீழே! துரை அவன் பக்கத்தில் போய் நின்று, அங்கிருந்து கிணற்றைப் பார்த்தார். திரும்பி ஒழுங்கையைப் பார்த்தார். கரிந்த இடம் நன்றாகத் தெரிந்தது.

பிறகு நேரே நடந்து, சப்பாத்துக் காலோடு கிணற்றுக்கட்டில் ஏறினார். நான் திடுக்கிட்டுப் போனேன். வேலுப்பிள்ளையர் ஓடி வந்து, "துரை, இளநி வெட்டுவிக்கட்டே?" என்றார். துரை அதைக் காதில் போடவில்லை. தானே துலாவை இழுத்து, வாளியைத் தாழ்த்தி, அள்ளி, இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தார். மிச்சத்தால் முகம் கழுவினார். கழுவிய தண்ணீர் வழிந்து கிணற்றுக்குள்ளேயே விழுந்தது. "அருமையான தண்ணீர்," என்றார். நான் மொழிபெயர்த்தேன். வேலுப்பிள்ளையருக்கு முகமெல்லாம் பூரிப்பு.

அடுத்த தவணையில் வேலுப்பிள்ளையர் சாட்சிக் கூட்டில் ஏறினார். சத்தியம் செய்தார். கிணறு எப்படிப் பழுதானது, எப்படி இறைத்தார், எல்லாம் விஸ்தாரமாகச் சொன்னார். பொய் சொல்லவில்லை, அதையும் சொல்லவேண்டும். அவர் நம்பியதைத்தான் சொன்னார்.

துரை கேட்டார்: "நான் வந்துபோன பிறகும் கிணற்றை இறைத்தீரா?"

தமிழில் சொன்னேன். வேலுப்பிள்ளையர் என்னைப் பார்த்தார், நான்தான் கேட்டதுபோல. "விளங்கேல்லை," என்றார்.

"நான் மாட்டிறைச்சி தின்கிறவன். சப்பாத்தோடு ஏறினேன். முகம் கழுவிய தண்ணீரை உள்ளே விட்டேன். நான் உமக்கு அந்நியன். இறைத்தீரா?"

பிறக்கிராசியார் துள்ளி எழும்பினார். நீதவானே இந்த வழக்கில் சாட்சியாகிவிட்டார், கேள்வி பொருந்தாது என்றார். சட்டப்படி அவர் சொன்னதில் பிழையில்லை. துரை தலையசைத்தார். "சரி. எனக்குப் பதில் வேண்டாம். அவர் தனக்குச் சொல்லிக்கொள்ளட்டும்."

வேலுப்பிள்ளையர் சால்வையால் கழுத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "இறைக்கேல்லை," என்றார் கடைசியில், ஒருவரும் கேளாமலே. அவருக்கும் அது அப்போதுதான் தெரியவந்தது என்று நினைக்கிறேன். அந்த முகத்தில் கோபம் இல்லை, ஒரு திகைப்புத்தான்.

தீர்ப்பை அன்றைக்கே வாசித்தார். வழக்கமாகத் தீர்ப்பை ஒரு வரியில் தமிழாக்கிவிடுவேன், எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவனுக்கு, வேண்டியது விடுதலையா மறியலா என்பதுதானே. அன்று துரை, "வரிக்கு வரி சொல்லும், முதலியார்," என்றார். சொன்னேன்.

நிலத்தையும் நீரையும் மனிதர் பங்குபோட்டுக்கொண்டது பிந்திய காலத்தில். அதற்கு முன் எல்லாம் எல்லோருக்கும் பொது. ஒருவரையொருவர் சாகவிடலாம் என்று ஒப்புக்கொண்டு யாரும் பங்கு போடவில்லை. ஆகையால் உயிருக்கு ஆபத்து வரும்போது அந்தப் பழைய பொது உரிமை எழுந்து நிற்கும், வேலி அதற்கு வழிவிட வேண்டும். எடுத்தவன் முடிந்தால் திருப்பிக் கொடுக்கவேண்டும், அதுவும் சட்டம்தான். இவன் எடுத்தது தண்ணீர், அதை ஊற்று அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டது. வழிப்போக்கனுக்குத் தண்ணீர் மறுக்கக்கூடாது என்று தேசங்கள் ஒத்துக்கொண்டிருக்கின்றன. காரில் வந்த வழிப்போக்கனுக்கு முறைப்பாட்டுக்காரர் வேலுப்பிள்ளையர் மறுக்கவில்லை. அந்த மண்ணைக் கொத்துகிறவன் வழிப்போக்கனை விடக் குறைந்தவன் ஆகமாட்டான். எதிரி விடுதலை.

இவ்வளவும் என் குரலில், என் தமிழில், அந்தக் கட்டிடத்துக்குள் ஒலித்தது. வாசலில் நின்ற சவிரிமுத்து கையை மார்பில் வைத்துக்கொண்டு நின்றான். அறைக்குள் கதையாகக் கேட்டதெல்லாம் என் வாய் வழியாக வந்தபோதுதான் அதன் பாரம் தெரிந்தது. எங்கேயோ குளிர் தேசத்தில், சண்டைகளுக்கு நடுவே, விளக்கைக் கொளுத்திவைத்துக்கொண்டு யாரோ யோசித்த யோசனை, இவ்வளவு கடலையும் தாண்டி வந்து ஒரு செம்மண் தோட்டத்தில் நிற்கிறது! எனக்குக் கை தானாகக் குவிந்தது. கோயிலில்கூட அப்படிக் குவிந்ததில்லை.

பொன்னன் இறங்கவில்லை. "விடுதலை, நீ போகலாம்," என்றேன். அவன் கூட்டுக் கம்பியைப் பிடித்தபடி நின்றான்.

"துரை சொன்ன சட்டம் எப்ப வந்தது?" என்றான்.

மொழிபெயர்த்தேன். துரை, "எப்போதும் இருந்தது. அரசர்களுக்கு முன்னமே இருந்தது," என்றார். அதையும் சொன்னேன்.

"அப்ப தேர் நடந்த அண்டைக்கும் இருந்ததோ?"

"ஓம், இருந்தது."

இந்தப் பதிலை நான் துரையிடம் கேட்காமலே சொல்லிவிட்டேன். பொன்னன் துரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான்.

"அப்ப ஏன் நயினார், எனக்கு ஒருத்தரும் முந்திச் சொல்லேல்லை?"

நயினார் என்பது அவனுடைய ஆட்கள் என்னுடைய ஆட்களைக் கூப்பிடுகிற சொல். நான் துரைப்பக்கம் திரும்பி, "அப்படியானால் ஏன் எனக்கு ஒருவரும் முன்பே சொல்லவில்லை?" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

பேனை நிமிர்ந்தது. "அவ்வளவும்தான் சொன்னாரா?"

ஒரு சொல்லை விட்டிருந்தேன். "நயினார் என்றும் சொன்னார், ஐயா."

"அது என்னையா?"

"இல்லை ஐயா. என்னை."

துரை பேனையை வைத்தார். "அப்படியானால் கேள்வி உமக்குத்தான், முதலியார். நீரே பதில் சொல்லும்."

அந்த அறைக்குள் எனக்கென்று ஒரு குரல் இருக்கவில்லை. இருக்கக்கூடாது என்றுதான் அவரே பழக்கியிருந்தார். பொன்னன் காத்துக்கொண்டு நின்றான். காத்து நிற்பதுதான் அவனுக்கு நன்றாகத் தெரியுமே.

"பொன்னன்," என்றேன், "புத்தகத்திலை இருந்தது எனக்குத் தெரியும். கிணத்தடி வரைக்கும் வரும் எண்டு நானும் இண்டைக்குத்தான் அறிஞ்சன்."

அவன் கம்பியை விட்டான். "ஓம்," என்றான். கூட்டிலிருந்து இறங்கிப் போனான்.

ஒழுங்கைக்கு மறுபடி தண்ணீர் ஊற்றினார்கள் என்று பிறகு அறிந்தேன். ஊற்றத்தான் செய்தார்கள். ஏறி அள்ள விடவில்லை. அதற்கு இன்னும் எத்தனையோ வழக்கும் அடிதடியும் வேண்டியிருந்தது. தம்பிமாரே, அது உங்களுக்கே தெரியும்.

துரை அன்று என்னைப் பார்த்து, "என்ன சொன்னீர்?" என்று கேட்டார். என் சொந்த வார்த்தையை நானே ஆங்கிலமாக்கினேன். "நானும் இன்றைக்குத்தான் அறிந்தேன்" என்று சொன்னபோது நாக்குத் தடுமாறியது. அந்த "நான்" எனக்குப் பழக்கமில்லை. துரை அதையும் எழுதிக்கொண்டார். பிறகு, "அவ்வளவும்தானா?" என்று கேட்டார்.

"அவ்வளவும்தான், ஐயா," என்றேன்.